ட்யூப்லைட்டிலிருந்து புளியமரம் வரை: டெல்டா வீட்டில் பல்லி பார்க்க முழு வழிகாட்டி

எங்கள் வீடு திருத்துறைப்பூண்டிப் பக்கம். முன்பக்கம் கான்கிரீட், பின்பக்கம் தாத்தா கட்டிய ஓட்டுக்கட்டு, அதற்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை, கொல்லையில் ஒரு புளியமரம், அப்புறம் தென்னந்தோப்பு. வாசல் ட்யூப்லைட்டிலிருந்து தோப்பு வேலி வரை நூறு தப்படி இருக்கும். அந்த நூறு தப்படிக்குள் மூன்று வகைப் பல்லி குடியிருக்கிறது. மூன்றும் கலந்து கிடப்பதில்லை. வெளிச்சம் எங்கே எவ்வளவு விழுகிறது என்பதை வைத்து இடம் பிரித்துக்கொண்டிருக்கின்றன. இது எனக்குப் பிடிபடவே பல வருடம் ஆனது, காரணம் எல்லாரையும் போல நானும் ட்யூப்லைட்டடியில் இருப்பதை மட்டும்தான் பல்லி என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல்லி பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே வழி இதுதான்: வெளிச்சத்தில் தொடங்குங்கள், இருட்டை நோக்கி நடங்கள். கீழே இருக்கும் எல்லாமே அந்த நடைக்கான விளக்கம். மாடி வீடோ கூரை வீடோ, கும்பகோணத்தில் சந்து வீடோ, ஸ்ரீரங்கத்தில் அடுக்குமாடியோ, எங்கிருந்தாலும் செய்யலாம். கொல்லை இல்லாதவர்கள் பக்கத்துக் கோயில் நந்தவனத்தையோ வாய்க்கால் கரை மரங்களையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. காலமும் நேரமும்

வருடம் முழுக்கப் பல்லி உண்டு. ஆனால் முதல் முறை பார்க்கிறவர்கள் ஐப்பசியில் தொடங்குவது நல்லது. சம்பா பயிர் பச்சைக் கட்டி நிற்கும், மழை விட்டு விட்டுப் பெய்யும், தீபாவளியை ஒட்டிய ராத்திரிகளில் பச்சைத் தத்துப்பூச்சி வயலிலிருந்து கிளம்பி வந்து விளக்கை மொய்க்கும். டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வாசலில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, சாம்பாரில் பச்சைப் பச்சையாய் மிதக்கும். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சுகிற அதே பூச்சிதான் அது. நெல் தண்டைத் துளைக்கும் புழுவின் தாயான மஞ்சள் அந்துப்பூச்சியும் கூடவே வரும். இரண்டையும் விளக்கடியில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கத் தின்கிற ஆள் பல்லி. நமக்கு வயல் தொல்லையாக இருப்பது அதற்கு விருந்து.

இன்னொரு நல்ல நேரம், கோடை மழை பெய்து ஈசல் கிளம்பும் சாயங்காலம். அன்றைக்கு வழக்கமாக வெளியே தலைகாட்டாத பல்லிகள்கூட வரும்.

நேரம் என்றால் இருட்டியதிலிருந்து ஒன்பது மணி வரை. ஏழு மணிக்கு ஒரு சுற்று, ஒன்பதுக்கு ஒரு சுற்று. நடுராத்திரியிலும் பல்லி இருக்கும், ஆனால் நீங்கள் அடுத்த நாளும் பார்க்க வேண்டுமே.

2. கையில் என்ன வேண்டும்

தலையில் மாட்டும் டார்ச், இல்லையென்றால் சாதா டார்ச். செல்போன். நாற்பது பக்க நோட்டு ஒன்று, பென்சில். ஒரு சின்ன ஸ்கேல், அதைப் பல்லி மேல் வைக்கப் போவதில்லை, பல்லி போன பிறகு அது இருந்த இடத்தை அளக்க. இரண்டு செங்கல் வரிசை நீளமா, ஒரு டைல்ஸில் பாதியா என்று மனதில் குறித்துக்கொண்டு பிறகு அளந்தால் அளவு ஓரளவு சரியாக வரும்.

வலை வேண்டாம், டப்பா வேண்டாம், கையால் பிடிக்கவும் வேண்டாம். பிடித்தால் வால் போகும், அதன் விலை என்ன என்று பிறகு சொல்கிறேன்.

செருப்பு கட்டாயம். முடிந்தால் கணுக்காலை மூடும் ஷூ. டெல்டாவில் ராத்திரி கொல்லைக்குப் போவது விளையாட்டில்லை, கட்டுவிரியன் இரவில் நடமாடுகிற பாம்பு. பல்லி இருக்கும் இடத்துக்கு அதைத் தின்ன இன்னொரு பாம்பும் வரும், ஓநாய்ப் பாம்பு என்று சொல்வார்கள், சுவர் ஏறி வீட்டுக்குள்ளேயே வரும், விஷம் கிடையாது. ஆனால் வெள்ளை வளையம் போட்டுக் கட்டுவிரியன் மாதிரியே இருக்கும். இது அதுவா இதுவா என்று டார்ச் வெளிச்சத்தில் ஆராய்ச்சி பண்ணாதீர்கள். வளையம் தெரிந்தால் பின்வாங்குங்கள், அன்றைய பார்வை முடிந்தது. விறகு அடுக்கு, ஓட்டுக் குவியல், மட்டைக் குவியல் எதிலும் கையை விடாதீர்கள்.

3. ட்யூப்லைட்டடியில் முதல் அரை மணி

வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் எழுத வேண்டாம், பாருங்கள். விளக்குக்கு மிக அருகில், பெரும்பாலும் விளக்கு மாட்டிய பட்டியின் மறைவில், ஒரு பெரிய பல்லி இருக்கும். அதுதான் அந்த விளக்கின் சொந்தக்காரர். நடுத்தர அளவுள்ளவை வெளிச்ச வட்டத்தின் ஓரத்தில் நிற்கும். குட்டிகள் அதற்கும் வெளியே, சுவரும் தூணும் சேரும் மூலையில் பதுங்கிப் பதுங்கி வரும். அவற்றுக்குப் பயம் பூனை மட்டும் இல்லை, பெரிய பல்லி சின்னப் பல்லியையும் தின்றுவிடும்.

இங்கே இருப்பது அநேகமாக ஹெமிடாக்டைலஸ் ஃப்ரெனாட்டஸ். ‘ஹெமிடாக்டைலஸ்’ என்றால் பாதி விரல் என்று பொருள், விரலின் அடியில் இருக்கும் அகன்ற பட்டை விரல் முழுக்கப் போகாமல் நின்றுவிட, நுனிக் கணுவும் நகமும் தனியே மேலே தூக்கி நிற்கும். பெரிதாக வளர்ந்தது மூக்கிலிருந்து வால் நுனி வரை 10 முதல் 13 செ.மீ. இருக்கும். முதுகு கிட்டத்தட்ட வழவழப்பு. வாலைப் பாருங்கள்: ஒரிஜினல் வாலாக இருந்தால் மோதிரம் மோதிரமாகச் சின்னச் சின்ன முள் வரிசை தெரியும். இதுதான் முக்கிய அடையாளம். நிறத்தை நம்ப வேண்டாம், ராத்திரி சுவரில் வெளிறி, ஏறக்குறைய சதை நிறத்தில் இருக்கும் அதே பல்லி பகலில் பரணில் பார்த்தால் சாம்பல் கறுப்பாக இருக்கும்.

ஜன்னல் கண்ணாடி இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வெளிப்பக்கக் கண்ணாடியில் பல்லி ஒட்டிக்கொண்டு நிற்கும்போது உள்ளேயிருந்து அதன் அடிப்பக்கம் முழுக்கத் தெரியும். நான் ஒரு மார்கழி ராத்திரி சமையலறை ஜன்னலில் அப்படித்தான் பார்த்தேன், கண்ணுக்கும் அதற்கும் நான்கு விரற்கடை தூரம். ஒவ்வொரு விரலடியிலும் இரண்டு வரிசையாய், நடுவில் வகிடு எடுத்த மாதிரி, மெல்லிய மடிப்புகள். அடி எடுக்கும்போது விரல் நுனியிலிருந்து பின்னோக்கிச் சுருண்டு உரிந்து வருகிறது, தபால்தலையைக் கவரிலிருந்து உரிப்பது போல. வயிற்றுத் தோல் மெல்லிசு, உள்ளே இரண்டு வெள்ளை உருண்டை, முட்டைகள், பக்கத்துக்கு ஒன்றாய். ஆண் என்றால் தொடைகளின் அடியில் ஒரு கோடிக்கும் இன்னொரு கோடிக்கும் புள்ளி புள்ளியாய்த் துளை வரிசை ஓடும். ஃப்ரெனாட்டஸில் அந்த வரிசை நடுவில் அறுபடாது.

அந்த மடிப்புகளில் என்ன இருக்கிறது? பசையும் இல்லை, உறிஞ்சும் குழியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள். தென்கிழக்காசியாவின் டோக்கே பல்லியை வைத்துத்தான் இதை அதிகம் ஆராய்ந்தார்கள். அதன் ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம் மயிர், ஒவ்வொரு மயிரும் நுனியில் நூற்றுக்கணக்காகப் பிரியும். ஒரே ஒரு மயிர் எவ்வளவு இழுவை தாங்கும் என்று கெல்லர் ஆட்டம் (Kellar Autumn) என்ற விஞ்ஞானியின் குழுவினர் 2000-இல் அளந்தார்கள். மூலக்கூறுகள் மிக நெருங்கும்போது உண்டாகும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்புதான் ஒட்டவைக்கிறது என்பதை 2002-இல் காட்டினார்கள்.

கண்ணையும் பார்த்துவிடுங்கள். இமை கிடையாது, கண்ணாடி போல ஒரு தெளிந்த தோல் மூடியிருக்கும். அதைத்தான் அடிக்கடி நாக்கால் நக்கித் துடைக்கும். டார்ச் பட்டதும் கருவிழி நெட்டுக்குத்தாய்ச் சுருங்கிக் கோடாகிவிடும். டார்ச்சை நேராக முகத்தில் அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள், அதற்கும் நல்லது, படத்திலும் முதுகின் மேடுபள்ளம் நன்றாக விழும்.

4. கெவுளி சொல்வதைக் கேட்பது

எங்கள் பக்கம் பல்லி கத்தினால் ‘கெவுளி சொல்லுது’ என்பார்கள். (வெற்றிலை வாங்கும் கவுளி வேறு, அது கட்டுக் கணக்கு.) பேச்சு நடுவில் கெவுளி சொன்னால் சொன்னது நிஜம் என்று அம்மா விரலால் தரையைத் தட்டுவார். பல்லியின் சொல்லைச் சகுனமாகப் பார்ப்பது சங்க காலத்திலேயே உண்டு, தினைப்புனத்துக்குள் நுழையப் போன காட்டுப்பன்றி பல்லி ஒலி கேட்டுத் திரும்பிவிட்டதாக ஒரு பாட்டு சொல்கிறது.

நம் வீட்டுக்குள் டிக் டிக் டிக் என்று அடுக்கிச் சொல்வது பெரும்பாலும் இந்த ஃப்ரெனாட்டஸ்தான். மூன்று விதமாகச் சத்தம் போடும். அடுக்கடுக்காய் வரும் டிக் டிக், இது ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற அறிவிப்பு. பூனை கவ்வினாலோ இன்னொரு பல்லி கடித்தாலோ ஒற்றை ‘க்ரீச்’. அப்புறம் இரண்டு ஆண்கள் முகத்துக்கு முகம் நிற்கும்போது கர்ர்ர் என்று மெல்லிய ஒரு உறுமல், இதைக் கேட்க ஃபேனை நிறுத்த வேண்டும். செல்போனில் ஒலிப்பதிவைப் போட்டு ஜன்னல் மேல் வைத்துவிடுங்கள், காலையில் ஓடவிட்டுக் கேட்டு எந்த நேரத்தில் அதிகம் சொல்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். எந்தத் திசையிலிருந்து சொல்கிறது என்று பலன் பார்க்கிறவர்கள் திசையை எப்படியும் கவனிப்பார்கள், அதையும் எழுதிவையுங்கள், அந்தப் பல்லி எங்கே ஒளிகிறது என்று தெரிந்துகொள்ள உதவும்.

5. வெளிச்சம் முடியும் இடம்: ஓட்டுக்கட்டும் மாட்டுக்கொட்டகையும்

இப்போது எழுந்து பின்பக்கம் போங்கள். விளக்கை எரியவிட்டுவிட்டுப் போகக் கூடாது, போகிற இடத்தில் விளக்கைப் போடவே கூடாது. டார்ச்சையும் தரைக்குப் பிடித்து நடந்து, நின்று, பிறகு மெதுவாகச் சுவருக்கு உயர்த்துங்கள்.

சுவரின் அடிப்பகுதி, படிக்கட்டின் பக்கம், கொட்டகை மூங்கில் கால்கள், வைக்கோல் போருக்கு முட்டுக்கொடுத்த கல். இங்கே ஒன்று கிடக்கும், கிட்டத்தட்ட அதே அளவு, ஆனால் உடம்பு சொரசொரப்பு. டார்ச்சைச் சாய்த்தால் முதுகில் மணி மணியாய் வரிசை கட்டிய முகடுகள், பாகற்காய்த் தோலைச் சின்னதாக்கிப் போர்த்திய மாதிரி. வெளிர் பழுப்பில் கரும்புள்ளிகள். தரைக்கும் இறங்கும், ஓடும்போது வேகம் அதிகம். இது புள்ளிப் பல்லி, ஹெமிடாக்டைலஸ் பார்விமாகுலாட்டஸ். 1953-இல் இலங்கை ஆய்வாளர் தெரணியகல இதற்குப் பெயர் வைத்தார், ஆனாலும் நெடுங்காலம் ப்ரூக்கி என்ற பெரிய பெயருக்குள் அடக்கியே எழுதிவந்தார்கள். பழைய புத்தகத்தில் ப்ரூக்கி என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் சொந்த ஊர்.

இதற்கு ட்யூப்லைட் வேண்டாம் என்று இல்லை. விளக்கடியில் ஃப்ரெனாட்டஸ் இல்லாத வீட்டில் இதுவே விளக்குக்கு வருவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் சரியாக ஓட்டுக்கட்டு தொடங்கும் நிலைப்படியில் ஆள் மாறுகிறது. அந்த எல்லையைக் கண்டுபிடிப்பதுதான் இந்த நடையின் பாதி சந்தோஷம். உங்கள் வீட்டில் எந்த இடத்தில் மாறுகிறது என்று பாருங்கள், நோட்டில் வீட்டின் படம் வரைந்து கோடு போடுங்கள்.

6. புளியமரத்தில்

கொல்லைக்குப் போய் மரத்தை மூன்றடி தள்ளி நின்று பாருங்கள். டார்ச்சைத் தண்டோடு ஒட்டிக் கீழிருந்து மேலே மெல்ல ஓட்ட வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. பட்டையின் ஒரு துண்டு லேசாகத் தடித்திருக்கிறதே என்று தோன்றும், அந்தத் தடிப்புக்குக் கண் இருக்கும்.

மரப்பல்லி. ஹெமிடாக்டைலஸ் லெஷனோல்ட்டி. சுவர்ப்பல்லியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ரொம்பப் பெரிசு, வாலை விட்டுவிட்டுத் தலையும் உடம்பும் மட்டுமே 8 செ.மீ. வரை போகும். சாம்பல் மேல் கருஞ்சாம்பலில் அலை அலையாய்க் குறுக்குப் பட்டை, புளியம்பட்டையின் வெடிப்போடு அப்படியே பொருந்தும். 1816-இல் புதுச்சேரிக்கு வந்து செடிகொடிகளையும் உயிரினங்களையும் சேகரித்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோலின் பெயர் இதற்கு. நம் ட்யூப்லைட் பல்லியும் இதுவும் அறிவியல் பெயர் பெற்றது ஒரே வருடத்தில், 1836-இல், ஒரே பிரெஞ்சு நூலில்.

பழைய ஓட்டு வீடு, கோயில் மண்டபம், மரம் ஒட்டிய மாடிச் சுவர் ஆகியவற்றிலும் இது வந்து குடியிருக்கும். ஆனால் இதன் அடிப்படை வீடு, பொந்தும் வெடிப்பும் உள்ள வயசான மரம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது எங்கள் தெருவில் நின்ற பெருமரங்களில் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது, தென்னை போனது உலகத்துக்கே தெரியும், பூவரசும் புளியும் போனதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. வைத்த கன்றுகள் இப்போது ஆள் உயரம் தாண்டிவிட்டன, ஆனால் பட்டை இன்னும் வழவழ. மரப்பல்லி ஒளிய வெடிப்பு வேண்டும், வெடிப்பு வர வருடம் வேண்டும். பட்டுப்போன மரத்தை ஆபத்தில்லாத இடம் என்றால் நிற்க விடுங்கள், முழுக்க வெட்ட வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

7. முட்டை

எங்கள் கூடத்தில் தினசரி காலண்டர் தொங்கும், அட்டையில் பல்லி விழும் பலன் அச்சடித்தது. ஒரு தை மாதம் பழைய காலண்டரைக் கழற்றப் போனபோது அம்மா சொன்னார், “அதை இப்ப எடுக்காதடா, பின்னாடி ரெண்டு முட்டை இருக்கு.” அட்டைக்கும் சுவருக்கும் நடுவில், ஆணிக்கு மேலே உள்ள சின்ன விளிம்பில், சுண்ணாம்பு உருண்டை மாதிரி இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு செ.மீ.க்கு உட்பட்டது, கெட்டி ஓடு. புதுக் காலண்டரைப் பக்கத்து ஆணியில் மாட்டினோம்.

வீட்டுப் பல்லி ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான். பூட்டுத் துளை, மீட்டர் பெட்டி, ஃபோட்டோ ஃபிரேமின் பின்பக்கம், பீரோவின் மேல் அடுக்கு என்று எங்கே சூடும் இருட்டும் அசையாமையும் கிடைக்குமோ அங்கே இடும். குஞ்சு வர ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம் வரை ஆகும், குளிர்காலத்தில் இன்னும் இழுக்கும். பார்த்த தேதியை எழுதி, முட்டையைத் தொடாமல் வாரம் ஒரு முறை எட்டிப் பாருங்கள். உருட்டினால் உள்ளே கரு கெட்டுப்போகலாம். தவிர்க்கவே முடியாமல் நகர்த்த வேண்டுமென்றால் மேல்பக்கத்தில் பென்சிலால் லேசாக ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மேலேயே இருக்கும்படி ஸ்பூனால் எடுத்து வையுங்கள்.

எங்களுடையது மாசி கடைசியில் பொரிந்தது. முதல் குஞ்சு வந்ததை யாரும் பார்க்கவில்லை, வெறும் ஓடு கிடந்தது. இரண்டாவது, ஓட்டில் ஒரு கீறல், அதிலிருந்து மூக்கு, அப்படியே கால் மணி நேரம் அசைவில்லை. அப்புறம் ஒரே உதறலில் வெளியே வந்து நேராகச் சுவரில் ஏறிவிட்டது. பிறந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கால் ஒட்டுகிறது.

இந்த முட்டைதான் ஃப்ரெனாட்டஸை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கெட்டி ஓடு காய்ந்துபோகாது, மரச்சாமான் இடுக்கிலும் சரக்குப் பெட்டியிலும் கிடந்து கப்பலேறும். பெண் பல்லி ஒரு முறை சேர்ந்தபின் விந்தணுவை மாதக்கணக்கில் உடம்பில் சேமித்து வைக்கும், அதனால் ஒற்றைப் பெண் பல்லி கரை இறங்கினாலே ஒரு குடும்பம் உண்டாகிவிடும். நம் ஊரில் வீடு மாற்றும்போது பீரோவோடு பல்லியும் மாறுவது அதே கதைதான்.

8. தீவும் காடும்: ஏன் எல்லையைப் பார்க்கச் சொல்கிறேன்

கொஞ்சம் கடல் தாண்டிப் போய்வருவோம். ஃப்ரெனாட்டஸ் கப்பலேறிப் போன தீவுகளில் என்ன செய்தது என்று தெரிந்தால்தான் உங்கள் ஓட்டுக்கட்டு நிலைப்படியின் அருமை தெரியும்.

பசிபிக் தீவுகளில் ஒரு சின்னப் பல்லி உண்டு, லெபிடோடாக்டைலஸ் லுகூப்ரிஸ். அதன் பெரும்பாலான கூட்டங்களில் ஆணே கிடையாது, பெண்கள் மட்டுமே, இணை சேராமலே முட்டையிட்டு வம்சம் வளர்க்கும். வீட்டு விளக்கடியில் அதுதான் இருந்தது. ஃப்ரெனாட்டஸ் வந்து இறங்கியதும் கட்டிடங்களில் அது குறைந்தது. ஏன் என்று 1990-களில் ஹவாயில் பழைய விமானக் கொட்டகைகளில் விளக்கு போட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். விளக்கு பூச்சியை ஓரிடத்தில் குவிக்கிறது, குவிந்த இரையை வேகமும் உருவமும் உள்ள ஃப்ரெனாட்டஸ் முதலில் காலி செய்கிறது. சுவரில் தடுப்புகள் வைத்து ஓடும் இடத்தை உடைத்தால் அதன் ஆதிக்கம் குறைந்தது. மொரீஷியஸில் நிலைமை இன்னும் மோசம், அங்கே மட்டுமே வாழ்ந்த நாக்டஸ் இனப் பல்லிகள் பெருந்தீவிலிருந்து போய், கரையோரக் குட்டித் தீவுகளில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன, அதற்கு ஃப்ரெனாட்டஸும் ஒரு காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

பக்கத்துத் தீவான இலங்கையில் இந்த வரிசை முழுமையாக இருக்கிறது. வீட்டுச் சுவரில் நம்முடைய அதே மூவர். காட்டுக்குள் போனால் ஆளே வேறு. க்னெமாஸ்பிஸ் என்ற பகல் பல்லிகள், வட்டமான கருவிழி, விரலில் அகன்ற பட்டை கிடையாது, விரல் நீளம்தான். இலங்கையில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள், பெரும்பாலானவை கடந்த இருபது வருடங்களுக்குள் பெயர் பெற்றவை. சில இனங்களுக்கு ஒரு மலையும் அதைச் சுற்றிய காடும்தான் மொத்த உலகம். தரைச் சருகில் வளைவிரல் பல்லிகள், அவற்றுக்கும் ஒட்டும் பட்டை இல்லை. பாறைக் குகைகளில் பொன்பல்லி. இந்தப் பொன்பல்லிப் பேரினத்தில் உலகத்திலேயே இரண்டே இனம்: ஒன்று இலங்கையில், இன்னொன்று திருமலை முதலான கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில். நடுவில் நம் டெல்டா, பாறையே இல்லாத வண்டல் மண். கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் இலங்கையும் தமிழ்நாடும் ஒரே நிலமாக இருந்தன என்பதை ஒரு பல்லி வடக்கிலும் தெற்கிலுமாக உட்கார்ந்து சொல்கிறது.

காட்டுப் பல்லி வீட்டுக்கு வராது. அதன் நிழலும் ஈரமும் போனால் அதுவும் போகும். வீட்டுப் பல்லி எங்கே போனாலும் பிழைக்கும். இரண்டையும் ‘பல்லிதானே’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம்.

டெல்டாவில் காடு என்று சொல்ல நமக்கு இருப்பது முக்கியமாக இரண்டு: கோடிக்கரையின் உலர் பசுமைமாறாக் காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. கோடிக்கரை 1967-இல் சரணாலயம் ஆனது. அங்கே பகலில் அனுமதிக்கப்பட்ட பாதையில் நின்று மரத்தண்டுகளைப் பாருங்கள், வனத்துறை அனுமதி இல்லாமல் இருட்டிய பிறகு உள்ளே போகாதீர்கள். பட்டையைப் பெயர்க்காதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள். காட்டு ஓர ஊரில் தங்கினால், தங்கிய வீட்டு விளக்கிலிருந்து காட்டு ஓரம் நோக்கி இதே நடையைச் செய்து எங்கே ஆள் மாறுகிறது என்று பாருங்கள்.

9. வால்

பிடித்தாலோ பூனை அடித்தாலோ வால் கழன்று துடிக்கும். முதுகெலும்பிலேயே உடைவதற்கென்று மெல்லிய இடங்கள் உண்டு. மறுபடி வளரும், ஆனால் உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்புக் குழல்தான், வெளியே முள் வரிசையும் இருக்காது. அதனால்தான் வாலை வைத்து இனம் சொல்லும்போது முதலில் அது பழைய வாலா புது வாலா என்று பார்க்கச் சொல்கிறேன், நிறம் சட்டென்று மாறும் இடம் இருந்தால் அது புதுசு. வாலில்தான் கொழுப்பைச் சேமிக்கிறது. வால் போன பல்லி சேமிப்பை இழந்த குடும்பம் மாதிரி, அடுத்த சில வாரம் கஷ்டம்தான். குழந்தைகள் விளையாட்டுக்கு வாலை அடிக்கும்போது இதைச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

10. வீட்டில் உள்ளவர்கள் கேட்கும் கேள்விகள்

‘பல்லி விஷமா?’ இல்லை. நம் ஊர்ப் பல்லி எதற்கும் விஷம் கிடையாது. ஆனால் பல்லியின் குடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், எச்சத்தோடு வரும். அதனால் பல்லி விழுந்த பாலையும் சோற்றையும் கொட்டிவிடுவதுதான் சரி. தெரியாமல் சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, பேதி, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போங்கள், அதுவரை உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். பாத்திரத்தை மூடி வைப்பதும், அடுப்பு மேடைக்கு நேர் மேலே விளக்கு மாட்டாமல் கொஞ்சம் தள்ளி மாட்டுவதும் போதும், பல்லி விளக்கோடு தள்ளிப் போய்விடும்.

‘இது எலிப் புழுக்கையா பல்லி எச்சமா?’ ஒரு நுனியில் வெள்ளையாய் இருந்தால் பல்லி.

எலிக்கு வைத்த ஒட்டு அட்டையில் பல்லி மாட்டுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. இழுக்காதீர்கள், தோலும் காலும் பிய்ந்துவிடும். சமையல் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து, ஒட்டிய இடத்தைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாய் விட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, ஐஸ் குச்சியால் ஒவ்வொரு காலாக விடுவியுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் எண்ணெயை ஒற்றி எடுத்து, இருட்டான மூலையில் விட்டுவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அட்டையை இனி திறந்தபடி வைக்காமல் பெட்டிக்குள் வையுங்கள். ஸ்விட்ச் போர்டு, இன்வெர்ட்டர் ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள், உள்ளே போய் ஷாக்கடித்துச் சாகும் பல்லி கணக்கில்லை.

11. நோட்டில் என்ன எழுதுவது

தேதி, நேரம், மழையா காய்ச்சலா, பயிர் என்ன நிலையில். இடம்: விளக்கிலிருந்து எத்தனை தப்படி. முதுகு வழவழப்பா முகடா, வால் முள் வரிசை உண்டா, பழைய வாலா புதுசா. என்ன தின்றது. முதுகு, வால், பக்கவாட்டு முகம் என்று மூன்று படம். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் தெரிந்தவர்கள் இனம் பார்த்துச் சொல்வார்கள். வீட்டின் துல்லியமான இடத்தை அதில் மறைத்துவைக்க வழி உண்டு, மறைத்துவிடுங்கள்.

12. கடைசியாக, விளக்கை அணைத்துப் பார்ப்பது

ஒரு மாதம் எழுதிய பிறகு இதைச் செய்யுங்கள், அதற்கு முன் வேண்டாம், ஒப்பிட ஒன்றும் இருக்காது. பின்வாசல் விளக்கு ஒன்றை மட்டும் பத்து ராத்திரி போடாதீர்கள். முன்வாசல் வழக்கம்போல எரியட்டும். தினமும் அதே நேரத்தில் இரண்டு சுவரையும் பாருங்கள்.

எங்கள் வீட்டில் முதல் மூன்று நாள் ஒரு மாற்றமும் இல்லை, பெரிய ஃப்ரெனாட்டஸ் அணைந்த விளக்குப் பட்டியிலேயே காத்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் அது இல்லை. எட்டாம் நாள் நிலைப்படிக்கு இந்தப் பக்கம், இதுவரை நான் புள்ளிப் பல்லியைப் பார்க்காத சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், முகடு முகடாய் முதுகோடு ஒன்று நின்றது. டார்ச்சைத் திருப்பியதும் கதவிடுக்கில் போய்விட்டது. பதினோராம் நாள் விளக்கைப் போட்டேன், இரண்டு ராத்திரிக்குள் பழைய ஆள் பட்டிக்குத் திரும்பிவிட்டார். அதன்பின் பின்வாசல் விளக்கை வேலை இருந்தால் மட்டும் போடுவது என்று வீட்டில் முடிவு செய்தோம்.